தட்டச்சு உதவி: ஜன்னத்

நான் கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிந்த பிறகு, "ஒரு பொண்ணுக்கு இத்தனை வன்மமா?" என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். ஆமாம், வன்மம்தான். என் மாமா மகன் ஆஸிம் மீது எனக்கு வந்ததை வேறு நல்ல பெயரிட்டு அழைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆஸிமும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு. உக்கடத்தில் ஒரே நிறுத்தத்தில் காலேஜ் பஸ் ஏறி, அன்னூர் ரோட்டில் இருக்கும் எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருடம் எலக்ட்ரிகல் படித்தோம். அவன் பேச்சுக்காரன். மேடையில் மைக்கைக் கொடுத்தால் கரண்ட் போனாலும் நிறுத்த மாட்டான். எனக்குப் பேச வராது. எனக்கு எழுத வரும்.

எங்கள் காலேஜில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் முறை ஒன்று உண்டு. லைப்ரரியில் போன வருட ரிப்போர்ட்டை எடுப்பார்கள். அட்டையில் பெயரை மாற்றுவார்கள், நடுவில் படங்களை மாற்றுவார்கள், மீதியை அப்படியே அச்சடித்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எழுதியவனும் படிப்பதில்லை, கையெழுத்துப் போடும் கைடும் படிப்பதில்லை. லேப் உதவியாளர் ராமுலு ஓய்வுபெற்றுக் காரமடைக்குப் போய் ஏழு வருடமாகிறது. இன்னமும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நன்றியுரையிலும் "இரவு பகல் பாராமல் உதவிய திரு. ராமுலு அவர்களுக்கு" என்று நன்றி வந்துகொண்டே இருந்தது. அவர் வேலையில் இருந்தபோதே நாலு மணிக்கு மேல் லேபில் இருந்ததில்லையாம்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு டெக்னிகல் ரைட்டிங் என்று ஒரு பாடம் இருந்தது. மதியம் சாப்பிட்டதும் வரும் வகுப்பு. அறுபது பேரில் ஐம்பது பேர் தூங்குவார்கள். அந்த மேடம் சொன்ன ஒன்றே ஒன்று எனக்குள் தங்கிவிட்டது: "மெஷினை முன்னப் பின்ன பாக்காத ஒருத்தர், நீங்க எழுதுன காகிதத்தை மட்டும் கையில வச்சுக்கிட்டு அதை ஓட்டணும். முடியலைன்னா நீங்க எழுதலைன்னு அர்த்தம்." இது எனக்கு உடனே புரிந்தது. என் அத்தா அமீர் ஹம்சா உக்கடத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது, "புக்குல தெளிவாப் போட்டிருக்கறான் கண்ணு, எவன் படிக்கறான்?" என்று தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் கரிந்த வார்னிஷ் வாசத்தில்தான் நான் வளர்ந்தேன். எரிந்த பிறகு வரும் இடத்தில் இல்லாமல், எரியாமல் இருக்கச் சோதித்து அனுப்பும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஆசை.

எங்கள் ப்ராஜெக்ட் போர்வெல் மோட்டாருக்கானது. கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடி எரிந்துபோகும். அப்படி வற்றும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அதைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்தும் ஒரு பெட்டி செய்தோம். புது மோட்டாரில் மாட்டும்போது ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் நன்றாக வரும் நேரத்தில் பெட்டியின் பச்சைப் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் 'இந்த மோட்டார் சாதாரணமாக இவ்வளவு கரண்ட் இழுக்கும்' என்று பெட்டி தெரிந்துகொள்ளும். அழுத்தாவிட்டால் பழைய மோட்டாரின் கணக்கிலேயே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதை ரிப்போர்ட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தேன்.

அன்னூருக்குப் பக்கத்தில் மாசாணம் என்கிற விவசாயி தன் போர்வெல்லில் சோதித்துப் பார்க்க விட்டார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இருபத்து நாலு சோதனைகள். வெயிலில் வாழைத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதியது நான். ஆஸிம் வந்தது ஐந்து நாள். அதில் ஒரு நாள்தான் பத்தொன்பதாவது சோதனை.

பெட்டியை லேபுக்குக் கொண்டுபோய் ஒரு சின்ன மோட்டாரில் மாட்டிவிட்டு, திரும்ப எடுத்து வந்திருந்தோம். அன்று எனக்குக் காய்ச்சல். ஆஸிமைத் தனியாக அனுப்பினேன். "இருபத்து மூணாம் பக்கத்தைப் பாத்து மாட்டுடா" என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினேன். அவன் அதைப் பைக் சீட்டில் மடித்துப் போட்டு மேலே உட்கார்ந்தான். பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. பெட்டி இன்னமும் லேப் மோட்டாரின் மூன்று ஆம்பியரையே நினைத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் பதிவாகியிருந்த கணக்கைப் பிறகுதான் பார்த்தேன். தண்ணீர் வற்றி, மாசாணத்தின் மோட்டார் ஒன்பதிலிருந்து ஐந்தரைக்கு இறங்கியபோதும், 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று பெட்டி சும்மா இருந்துவிட்டது. மோட்டார் எரிந்தது. ஆஸிம் அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு நாள் வாழைக்குத் தண்ணீர் இல்லை. அத்தா மற்ற வேலையை எல்லாம் தள்ளிவைத்துக் காயில் கட்டிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது மாசாணம், "பரவால்லீங்க அம்மணி, தெரியாம ஆயிப்போச்சு, உடுங்க" என்றார். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இந்தச் சோதனைய ரிப்போர்ட்ல எழுதாத ஜன்னு" என்றான் ஆஸிம். "மார்க் போயிரும். என்ற மானமும் போயிரும்."

முடியாது என்றேன். அன்று மாலையே மாமி வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏங்கண்ணு, அவன் உனக்கு யாரோவா? ஒரு பக்கந்தானே? எடுத்துப்போட்டா என்ன, குடியா முழுகிப்போயிரும்?" என்றார். நான் எடுத்துப்போட்டேன். இருபத்து நாலு சோதனை இருபத்து மூன்றாயிற்று. நம்பரை எல்லாம் மாற்றி அடித்தேன். நான் செய்த தப்பு அது. அதை மறைக்கப் போவதில்லை.

ஏப்ரலில் ப்ராஜெக்ட் கண்காட்சி வந்தது. ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகவும், நல்ல ப்ராஜெக்ட் செய்த ஒருவரை நேரடியாக அவர்கள் சோதனைக்கூடத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்கள். ஒரே ஒருவர். அந்த வேலை எனக்கு வேண்டும். ராத்திரி தொழுகையில்கூட அதைத்தான் கேட்டேன்.

ரிப்போர்ட்டை ஆஸிமுக்கு அனுப்பி, "பிரிண்ட் போட்டுரு" என்றேன். மறுநாள் அவனே போன் செய்து, "நான் பிரசன்டேஷன் பண்ணிட்டிருக்கறேன், ஜெராக்ஸ் கடையில பைண்டிங் போட்டு வச்சிருப்பாங்க, நீ வாங்கிட்டு வந்துரு" என்றான். கடையில் நின்றபடியே திறந்து பார்த்தேன்.

அட்டையில் ஆஸிம் பெயர். கீழே கைடு பெயர். வேறு பெயர் இல்லை.

பக்கத்தைத் திருப்பினேன். நன்றியுரை. கல்லூரித் தலைவருக்கு, முதல்வருக்கு, கைடுக்கு, பெற்றோருக்கு, வழக்கம்போல ராமுலுவுக்கு. கடைசியில், ராமுலுவுக்கும் கீழே, ஒரு வரி. ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தட்டச்சு உதவி: ஜன்னத்."

உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர், "என்னம்மா, பைண்டிங் சரியில்லீங்களா?" என்று கேட்டார். நான் ஆஸிமுக்குப் போன் போட்டேன்.

"அட்டையில என்ற பேரக் காணோம்."

"எக்ஸ்போவுக்கு டீம் லீடர் பேரு மட்டும் போட்டாப் போதும் ஜன்னு. அதான் நன்றியில போட்டிருக்கறனே."

"டைப்பிங்குன்னு போட்டிருக்கற."

"வேற என்ன செஞ்ச? ஐடியா சாரோடது, போர்டு நான் சாலிடர் பண்ணுனது. எழுதறதெல்லாம் ஒரு வேலையா?" சிரித்தான். "கோவிச்சுக்காத. வேலை கிடைச்சா உனக்கு ட்ரீட்டு."

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான். அது மட்டும் இல்லாவிட்டால் ஒருவேளை அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நான் "சரி" என்று சொல்லி போனை வைத்தேன். கடைக்காரரிடம், "அண்ணா, ரெண்டு பக்கம் சேக்கோணும், ஸ்பைரலைப் பிரிங்க" என்றேன். பத்தொன்பதாவது சோதனை என் பென்டிரைவில் பழைய நம்பரோடு அப்படியே இருந்தது. தேதி, நேரம், வெயில், கரண்ட், எல்லாம். "இணைப்புக் கொடுத்தவர் 23ஆம் பக்கத்தில் உள்ள நான்காவது படியைச் செய்யவில்லை. மோட்டார் ஓடிய நாற்பது நிமிடமும் மீட்டர் கவனிக்கப்படவில்லை. மோட்டார் எரிந்தது." ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பின்னிணைப்பாக நாற்பத்தோராம் பக்கத்தில் செருகினேன்.

உறுதிமொழிப் பக்கத்தில் கையெழுத்து இன்னும் போடவில்லை. "இதிலுள்ள சோதனைகள் அனைத்தையும் நானே செய்தேன், முழுவதும் படித்துச் சரிபார்த்தேன்" என்று அதில் இருக்கும். கேன்டீனில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த ஆஸிமிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஒரு தடவை பொரட்டிப் பாத்துக்க" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அவனுக்கு ஒரு வழி விட்டேன்.

"நீ அடிச்சா கரெக்டாத்தான் இருக்கும்" என்று சொல்லி, எண்ணெய் விரலாலேயே கையெழுத்துப் போட்டான்.

கண்காட்சியன்று எங்கள் மேசைக்கு வந்தவர் வெங்கடலட்சுமி. கம்பெனியின் சோதனைப் பிரிவுத் தலைவர். ஐம்பது வயதிருக்கும். காட்டன் சேலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. ஆஸிம் கோட்டு போட்டு, ரிமோட்டைக் கையில் பிடித்து, விவசாயிகளின் கண்ணீர் என்று ஆரம்பித்தான். நான் பக்கத்து மேசையில், 'வாலன்டியர்' பட்டையைக் குத்திக்கொண்டு நின்றேன்.

"ஒரு நிமிசமுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரிப்போர்ட்டை எடுத்தார். படிக்க ஆரம்பித்தார்.

எங்கள் காலேஜில் யாரும் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. ஒருவர் ரிப்போர்ட்டைப் படிக்கிறார்! ஆஸிம் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றான். கைடு சார் பல்லைக் காட்டியபடி நின்றார். கால் மணி நேரம். நாற்பதாம் பக்கம் தாண்டியது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் இல்லை, பசியில் அடித்துக்கொள்கிற மாதிரி.

"தம்பி, பத்தொன்பதாவது சோதனையில மோட்டார் எரிஞ்சிருக்குது. அன்னைக்கு யாருங்க கனெக்‌ஷன் குடுத்தது?"

ஆஸிம் முகம் வெளுத்தது. "அது... அப்படி ஒண்ணும் நடக்கலீங்க மேடம்."

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்குதுங்களே. எல்லாத்தையும் நானே செஞ்சேன், படிச்சுப் பாத்தேன்னு கையெழுத்தும் போட்டிருக்கறீங்க."

"டைப் அடிச்ச பொண்ணு தப்பா அடிச்சிருப்பாங்க மேடம்."

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் ஏற்கெனவே அங்கே போய் நின்றிருந்தேன். "நான் அடிக்கலீங்க மேடம். நான் எழுதுனேன்" என்றேன்.

அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒன்பது ஐந்தரையாக இறங்கியும் பெட்டி ஏன் நிறுத்தவில்லை? பச்சைப் பொத்தானை மறந்தால் தானாகவே எச்சரிக்க என்ன செய்யலாம்? பேச வராதவள் நான், அன்று பேசினேன். ஆஸிம் கோட்டுக்குள் வேர்த்து வழிந்தான். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். பரவாயில்லை, திட்டுங்கள்.

பிறகு அவர் நாற்பத்தோராம் பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இந்த ரெண்டு தாள் மட்டும் வெள்ளையா இருக்குது. அப்புறமாச் சேத்தீங்களா அம்மணி?"

"ஆமாங்க. முதல்ல எடுத்துப்போட்டேன். இவன் என்ற மாமா பையன். அட்டையில என்ற பேர எடுத்ததுக்கப்புறம் திரும்பச் சேத்தேன்."

"அப்ப கோவம் வந்ததுனாலதான் உண்மைய எழுதுனீங்க. பேரைப் போட்டிருந்தா?"

மாசாணத்தின் வாழை இலைகள் கண்ணுக்குள் வந்து தொங்கின. அவர் ரிப்போர்ட்டை மூடினார். "ரெண்டு பேர் பேரும் போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சரியான ரிப்போர்ட் ஒண்ணு எனக்கு வேணும். படிச்சுப்போட்டுத்தான் சொல்லுவேன்" என்று எழுந்து போய்விட்டார். கைடு சார் எங்கள் இருவரையும் பார்த்து, "அந்த ரிப்போர்ட் கையெழுத்தோட வந்தாத்தான் ரெண்டு பேருக்கும் வைவா பரீட்சை" என்று உறுமினார்.

ஆக, என் வேலை ஆஸிம் கையெழுத்தில் இருந்தது. அவன் டிகிரி என் கையில் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் புதிதாக எழுதினேன். இருபத்து நாலு சோதனைகளும் அதனதன் இடத்தில். ராமுலுவை நன்றியுரையிலிருந்து விடுவித்தேன், பாவம் அந்த மனுஷன். மாசாணத்துக்கும் அத்தாவுக்கும் நன்றி சொன்னேன். கடைசியாக ஒரு வரி எழுதினேன்.

ஜெராக்ஸ் கடையில் ஆஸிம் வந்து உட்கார்ந்தான். இந்த முறை பேனாவைத் தொடவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தான். நாலு வருடத்தில் அவன் எதையாவது முழுவதுமாகப் படித்ததை அன்றுதான் பார்த்தேன். நன்றியுரையில் அவன் விரல் நின்றது.

"பத்தொன்பதாவது சோதனையில் பச்சைப் பொத்தானை அழுத்த மறந்து, எந்தத் தவறை ஒருபோதும் செய்யக் கூடாது என்பதைக் கற்றுத்தந்த திரு. ஆஸிம் அவர்களுக்கு நன்றி."

"இதை எடு."

"எதுக்கு? இதுல ஒரு வார்த்தையாச்சும் பொய்யா?"

"ஜன்னு, மாமா மகன்டி நானு."

"அதனாலதான் 'திரு' போட்டிருக்கறேன்."

முறைத்தான். மறுநாள் காலை வைவா. மீண்டும் குனிந்து படித்தான். நாலாவது அட்டவணையில் நிறுத்தி, "இது தப்பு" என்றான். "அன்னைக்கு ரெண்டாவது ரீடிங் ஆறு புள்ளி ரெண்டு இல்ல, ஆறு புள்ளி எட்டு. மீட்டரைப் பாத்துச் சொன்னது நாந்தான்." வம்புக்குச் சொல்கிறான் என்று வயல் நோட்டை எடுத்தேன். ஆறு புள்ளி எட்டுதான். என் கை எழுத்துதான். அடிக்கும்போது தவறவிட்டிருக்கிறேன். வெங்கடலட்சுமி அம்மா கண்ணில் அது பட்டிருந்தால் என் கதி என்னவாகியிருக்கும்!

"டைப்பிங் மிஸ்டேக்" என்றான் ஆஸிம், ரொம்ப மெதுவாக.

வலித்தது. ஆனாலும் அது நியாயமான அடி. அந்தப் பக்கத்தைத் திருத்தி மறுபடி அச்சடித்தேன். நன்றியுரையை மட்டும் தொடவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "நன்றியுரையக்கூட உடாமப் படிச்சேனுங்க. உங்களுக்குக் கோவம் ஜாஸ்தி. ஜூன் ஒண்ணாந்தேதி வந்துருங்க." இப்போது அவருடைய சோதனைக்கூடத்தில்தான் இருக்கிறேன். மோட்டார்களோடு போகும் புத்தகங்களை எழுதுகிறேன். அத்தா அதில் ஒன்றைப் பட்டறைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களை எல்லாம் படிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறார்.

இத்தோடு என் கோபம் அடங்கியிருக்கும். ஆனால் எங்கள் காலேஜ் அடங்க விடவில்லை.

இந்த வருட நோன்புப் பெருநாளுக்கு மாமா வீட்டில் விருந்து. ஆஸிமின் தம்பி சுஃப்யான் அதே காலேஜில் கடைசி வருடம். சோலார் விளக்கு ப்ராஜெக்ட். பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டைப் பெருமையாகக் கொண்டுவந்து, பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லார் நடுவிலும் அண்ணனிடம் நீட்டினான். அட்டையைத் திறந்த ஆஸிமின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். ராமுலு போய்விட்டார். அந்த இடத்தில், ஒரு எழுத்து மாறாமல், பத்தொன்பதாவது சோதனையும் பச்சைப் பொத்தானும் திரு. ஆஸிமும். சுஃப்யானின் விளக்கில் பொத்தானே கிடையாது.

"இதைப் படிச்சுப் பாத்தியாடா?" என்றான் ஆஸிம்.

"எவன் படிக்கறான்? லைப்ரரியில இருந்துச்சு, போட்டோம்" என்றான் சுஃப்யான். மாமா, மாமி, அத்தா, வந்திருந்த சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அண்ணனைப் பெருமை பொங்கப் பார்த்தபடி சத்தமாகக் கேட்டான்:

"ஏண்ணா, எங்க கிளாஸ்ல பதினாலு டீமு ரிப்போர்ட்லயும் உன்ற பேருதான் இருக்குது. அப்படி என்னத்தண்ணா செஞ்சுபோட்ட நீ?"

நான் இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொண்டேன்.